மோந்தே என்றால் மலை அல்ல

போன மாதம் ஒரு பகல் வேளையில், நான் வேலை பார்த்த மூலிகை ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து சுகன்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண் அவள். ஸ்பானிஷ் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. ஸ்பெயினிலிருந்து வரும் கடிதத்தைக் கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

“மேடம், ஒரு சின்ன டவுட்டு. செடிய எந்த மாதிரி எடத்துல பறிச்சதுன்னு கேக்குற எடத்துல ‘மோந்தே’ன்னு போட்டுருக்காங்க. கம்ப்யூட்டரு மலைங்குது. நம்ம சரக்கு குஜிலியம்பாறைப் பக்கத்துச் சரக்கு. அங்க ஏது மேடம் மலை?”

“மலை இல்லம்மா. முள்ளும் புல்லும் மண்டிக் கெடக்குற உழாத நெலம். ஆடு மேயுற எடம்னு வச்சுக்க.”

“அம்புட்டுதானா? தேங்க்ஸ் மேடம்.”

வைத்துவிட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்து போனேன். அந்த ஒரு சொல்லின் அர்த்தத்தைச் சொல்வதற்காக ஒரு காலத்தில் நான் தேவகோட்டையிலிருந்து பஸ் பிடித்து ஓடி வந்திருக்கிறேன். அதை அந்தப் பெண்ணிடம் போனில் எப்படிச் சொல்வது? எழுதியாவது வைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் மெஹருன்னிசா. திண்டுக்கல் பேகம்பூர்தான் ஊர். அத்தா தோல் மண்டியில் கணக்கு எழுதினார். நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வேடசந்தூர் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். நிலவாகை இலை, நித்யகல்யாணி வேர், ஆவாரம்பூ, முருங்கை இலை எல்லாவற்றையும் காய வைத்து, சலித்து, மூட்டை கட்டி அனுப்புகிற இடம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் ஸ்பெயின்காரர்கள். அவர்கள் கடிதம் வந்தால் படிக்க ஆள் கிடையாது. தென் அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு வயதான பாதிரியாரிடம் கம்பெனியே என்னைப் படிக்க அனுப்பியது. வினைச்சொற்களையும் ஜெபங்களையும் அவர் சொல்லிக் கொடுத்தார். அது முடிவதற்குள் அவருக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. எனவே என் ஸ்பானிஷ் அரைகுறை ஸ்பானிஷ். மனிதர்கள் வீட்டில் பேசிக்கொள்கிற பேச்சு அதில் மிகவும் குறைவு. இலை, தண்டு, வேர், பட்டை, விதை, புதர், புல் இவற்றுக்கு மட்டும் எனக்குச் சொல் தட்டாது.

அதற்குக் காரணம் எங்கள் மேனேஜர் சொக்கலிங்கம் சார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு பூதக்கண்ணாடி. நான் ஒரு சொல்லை மொழிபெயர்த்து டைப் அடித்து அவர் முன்னால் வைத்தால், தாளைத் தொடமாட்டார்.

“செடி எங்க மெஹரு?” என்பார்.

செடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தால்தான் தாளில் கையெழுத்து. மழைக்காலமோ வெயில் காலமோ, அந்தச் செடி எங்கே கிடைக்குமோ அங்கே போய்ப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருக்கும். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து டைப் அடிக்கலாம் என்று வந்தவள், முந்தானையில் சீமைக்கருவேல முள் குத்தியிருக்க நிற்பேன்.

ஒருமுறை நாங்கள் அனுப்பிய நிலவாகை இலையில் ‘மலேஸா’ கலந்திருக்கிறது என்று புகார் வந்தது. அகராதியைப் பார்த்தேன். களை என்றும் போட்டிருந்தது, புதர்க்காடு என்றும் போட்டிருந்தது. களை என்று எழுதிக் கொடுத்தேன். சார் படிக்காமல் எழுந்தார். அந்தச் சரக்கிலிருந்து ஒரு கை அள்ளி, வெள்ளைத் துணியில் பரப்பி, பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். ஒவ்வொரு இலையாகப் பிரிக்கச் சொன்னார். நிலவாகை இலையின் நுனி கூராக இருக்கும், காம்பருகே ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கும். பிரித்துக்கொண்டே போனபோது மொண்ணை நுனி இலைகள் தனியாகச் சேர்ந்தன.

“இது என்ன இலைம்மா?”

“ஆவாரை சார்.”

“ஆவாரையக் களைன்னு எழுதுவியா? பொங்கலுக்கு வாசல்ல கட்டுறோமா இல்லையா? களைன்னு எழுதுனா காட்ட ஒழுங்கா வைக்கலன்னு வெவசாயி தலையில விழும். பறிச்ச எடத்துல ரெண்டையும் சேத்துப் பறிச்சுப்புட்டாங்க. அது வேற. என்ன நடந்துச்சோ அத எழுது.”

‘வேறொரு குறுஞ்செடியின் இலை கலந்துவிட்டது’ என்று மாற்றி எழுதினேன். அதற்கு மன்னிப்பும் கேட்டு எழுதினோம். அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த வெள்ளைத் துணியை அன்றைக்கு முழுதும் என் மேஜையிலிருந்து எடுக்கவும் விடவில்லை.

ஃபெர்மின் எங்களிடம் வர ஆரம்பித்தது அதற்குச் சில வருஷங்கள் கழித்து. வாங்குகிற கம்பெனி அனுப்பிய ஆள். செடி விளைகிற நிலத்தை நேரில் பார்த்து, அங்கே முன்பு என்ன மாதிரித் தாவரங்கள் இருந்தன என்று அறிக்கை அனுப்புவது அவர் வேலை. ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அரகோன் என்ற பக்கத்தில், மழை குறைந்த ஒரு கிராமத்தில் பிறந்தவர். உடைந்த இங்கிலீஷ் பேசுவார். ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழை தொடங்கும்போது வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் அறை எடுத்து, தை பிறக்கும் வரை இருப்பார். என் பெயரை முழுதாகச் சொல்ல வராமல் ‘மேரு’ என்பார்.

முதல் வருஷம் அவரைக் குஜிலியம்பாறைக்கு அந்தப்புறம் இருந்த மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப் போனோம். ஜீப்பிலிருந்து இறங்கிய மனுஷர் சுற்றிலும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. “மோந்தே!” என்றார்.

“என்னங்குறாரு?” என்று சார் கேட்டார்.

“மலைங்குறாரு சார்.”

சார் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் தட்டை நிலம். உடை மரமும் சங்கஞ்செடியும் இடையிடையே புல்லுமாகக் கிடந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாண்டியம்மா எங்கள் பேச்சைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

“மலையா? இங்கன ஒரு குட்டிக் கரட்டக் கூடக் காணோம். வெள்ளக்காரரு வெயில்ல கெறங்கிப் போயிட்டாரு போல.”

நான் ஃபெர்மினிடம் திருப்பிக் கேட்டேன். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து, புல்லைத் தடவிக்கொண்டே விளக்கினார். அகராதியில் அந்தச் சொல்லுக்கு மலை என்றுதான் இருக்கும். ஆனால் அவர் ஊரில் ஏர் படாத நிலம் எல்லாமே மோந்தேதான். முள், புல், கல், ஆடு. மேடாக இருக்க வேண்டும் என்பதில்லை. சின்ன வயதில் அவரும் அப்படி ஒரு நிலத்தில் ஆடு மேய்த்தவர்.

சொன்னதும் சொக்கலிங்கம் சாருக்குப் புரிந்துவிட்டது. “நம்ம மட்டும் என்ன? காட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு மானாவாரி நெலத்துக்குத்தான போறோம். புலியப் பாக்கவா போறோம்?” என்றார். அந்த நிலத்தை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று அன்று வெகுநேரம் பேசினோம். ஒன்றுக்கும் உதவாத தரிசைக் குறிக்க அவர்களிடம் ‘எரியால்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைப் போட்டால் வேலை சுலபம், நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து உழுதுவிடலாம். ஃபெர்மின் ஒத்துக்கொள்ளவில்லை. பாண்டியம்மாவைக் காட்டி, “இவளுடைய ஆடுகள் இங்கே சாப்பிடுகின்றன. உணவு இருக்கிற இடம் எப்படித் தரிசாகும்?” என்று கேட்டார். சார் கீழே கிடந்த ஒரு உடைமுள்ளை எடுத்துத் தூரப் போட்டார். அவருக்குப் பிடித்துப்போனால் அப்படித்தான், ஒன்றும் சொல்லமாட்டார். அந்த நிலம் மேய்ச்சல் நிலம் என்றே போயிற்று.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபெர்மின் தனியாக டவுன் பஸ் ஏறி அங்கே போவதுண்டு. பாண்டியம்மா கொடுக்கிற கூழைக் குடித்துவிட்டு, ஆடுகள் படுக்கிற புல்லிலேயே தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். இதெல்லாம் பாண்டியம்மா பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அவர் கடைசியாக வந்த வருஷம் நல்ல மழை. மார்கழியில் என் மகளுக்குத் தேவகோட்டையில் பிரசவம். நான் லீவு போட்டுவிட்டு அங்கே இருந்தேன். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொக்கலிங்கம் சார் போன் செய்தார். அவர் யாருக்கும் வீட்டுக்குப் போன் செய்கிறவர் இல்லை.

“மெஹரு, ஒடனே வர முடியுமா? ஃபெர்மின் ஆஸ்பத்திரியில கெடக்காரு. காய்ச்சல்ல இங்கிலீஷு மறந்துபோச்சு. என்னமோ சொல்றாரு, ஒருத்தருக்கும் வெளங்கல.”

மகளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் சார் நின்றுகொண்டிருந்தார். சட்டை கசங்கி, பூதக்கண்ணாடி இல்லாமல் அவரைப் பார்த்தது அன்றுதான்.

“லாட்ஜுலயே மாத்திரையப் போட்டுட்டுப் படுத்துக் கெடந்துருக்காரும்மா. சரியாயிரும்னு நம்மகிட்டக்கூடச் சொல்லல. லாட்ஜு மேனேஜருதான் கதவ ஒடைக்கிற மாதிரி தட்டிப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணாரு.”

டாக்டர் அருள்மொழி என்று ஒரு பெண் டாக்டர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஓடி ஓடி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் நின்றார்.

“நீங்கதான் இவர் பாஷை தெரிஞ்சவங்களா? மலேரியா இல்ல, டெங்கு இல்ல, டைபாய்டும் இல்லம்மா. லிவர், கிட்னி எல்லாம் அடி வாங்கியிருக்கு. சிறுமலைக்குப் போனாருன்னு லாட்ஜ்ல சொன்னாங்க. மலையில எங்க தங்குனாரு, என்ன சாப்ட்டாரு, எந்தத் தண்ணி குடிச்சாருன்னு கேளுங்க.”

ஃபெர்மின் கண்கள் சிவந்து கிடந்தார். உதடு வெடித்திருந்தது. நான் காதருகே குனிந்து, மேரு வந்திருக்கிறேன், எங்கே போனீர்கள் என்று அவர் பாஷையில் கேட்டேன். இரண்டாவது முறை கேட்டபோதுதான், “மோந்தே” என்றார். மூச்சு வாங்கிவிட்டு, “ஆடுகளோடு… படுத்திருந்தேன்” என்றார்.

“டாக்டர், அவரு மலைக்குப் போகல.”

“மோந்தேன்னு எனக்கே கேட்டுச்சேம்மா. மவுண்டன்தான? லாட்ஜ்லயும் அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்காரு.”

“இவரு ஊருல அதுக்கு வேற அர்த்தம் டாக்டர். குஜிலியம்பாறைக்கு அந்தாண்ட மேய்ச்சல் காடு. புதரும் புல்லும். ஆடு படுக்குற எடத்துல படுத்துருந்தேங்குறாரு.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். “புதர்லயா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு நர்சைக் கூப்பிட்டு, கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார். காதுக்குப் பின்னால், அக்குள், முழங்கால் மடிப்பு என்று விளக்கை அடித்துத் தேடுவது திரைக்கு வெளியே நின்ற எனக்கு அவர்கள் பேச்சிலிருந்து தெரிந்தது. “காலையிலயும் பாத்தேனே… திருப்புங்க… பெல்ட் போடுற எடம்… இந்தா.” திரையை விலக்கிக் காட்டினார். இடுப்பில், முதுகுப் பக்கமாக, சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. அவ்வளவு சிறியது.

“உண்ணிக் காய்ச்சல்மா” என்றார் வெளியே வந்து. “எனக்கும் ஒரு சந்தேகம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. மழைக்கப்புறம் புதர்ல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும். கடிச்சா வலிக்காது. மருந்து சாதாரண மருந்துதான், எல்லா மெடிக்கல்லயும் கெடைக்கும்.”

“அப்ப பொழச்சுக்குவாருல்ல?” என்று சார் கேட்டார்.

அவர் சாரைப் பார்க்காமல், “மருந்து ஆரம்பிச்சுடுறோம் சார்” என்றார்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. ஃபெர்மின் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். எனக்குப் பேரன் பிறந்திருப்பதைச் சொன்னேன். சிரித்தார். இங்கிலீஷ் திரும்பவில்லை, ஆனால் ஸ்பானிஷ் தெளிவாக வந்தது. ஊரில் அம்மா மட்டும்தான் இருக்கிறாள், பிலார் என்று பெயர், முழங்கால் வலிக்காரி, இதையெல்லாம் அவளிடம் சொல்லக்கூடாது, எழுந்து உட்கார்ந்ததும் நானே பேசிக்கொள்கிறேன் என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒரு புங்கை மரம் நின்றது. அதற்கு எங்கள் பாஷையில் என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். “ஸ்பானிஷில்?” என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். சார் அன்று வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம்.

அதற்கு அடுத்த நாள் மூச்சுத் திணறல் வந்தது. நுரையீரல் தாங்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் அருள்மொழி ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் கையுறையைக் கழற்றாமலே வராந்தா பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸ்பெயின் கம்பெனிக்குப் போன் செய்தால் எடுக்க ஆள் இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறை. டெல்லித் தூதரகத்தில் தகவலை வாங்கிக்கொண்டு, வீட்டாரிடம் நீங்களே பேசிவிட்டால் நல்லது என்றார்கள். ஃபெர்மினின் செல்போனில் ‘அம்மா’ என்று ஒரு நம்பர் இருந்தது.

“நீதாம்மா சொல்லணும்” என்றார் சார்.

நான் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். இந்தக் காரியத்துக்கு என்னிடம் என்ன சொல் இருந்தது? வாடியது, உலர்ந்தது, அழுகியது எல்லாம் தெரியும். முளைக்காத விதையைச் ‘செத்த விதை’ என்று எத்தனையோ கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை ஒரு பிள்ளையைப் பற்றி அவன் தாயிடம் எப்படிச் சொல்வது? அகராதியில் ‘காலமானார்’ என்பதற்குத் தேடி, கண்டுபிடித்து, வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நம்பரை அழுத்தினேன்.

ஒரு கிழவியின் குரல் எடுத்தது. நான் திண்டுக்கல்லிலிருந்து பேசுகிறேன், ஃபெர்மினோடு வேலை பார்க்கிறவள் என்றேன். மறுமுனையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். பிறகு அந்த அம்மாவே கேட்டாள்: “ஸே மே ஆ முவெர்த்தோ?”

செத்துவிட்டானா என்று மட்டும் அவள் கேட்கவில்லை. ‘எனக்கு’ என்று ஒரு சின்னச் சொல் அதில் இருந்தது. எனக்கு இல்லாமல் செத்துப்போனானா என்கிற மாதிரி. அப்படி ஒரு வாக்கியத்தைப் பாதிரியாரும் சொல்லித்தரவில்லை, எந்தக் கடிதத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் புரிந்தது.

“ஆமாம் அம்மா” என்றேன். தயார் செய்து வைத்திருந்த சொல்லைச் சொல்லவே இல்லை.

அவள் அழுதாள். நான் காதிலிருந்து போனை எடுக்காமல் வைத்திருந்தேன். அழுது ஓய்ந்த பிறகு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்டாள். நானும் எங்கள் மேனேஜரும் என்றேன். உடலை அனுப்ப ஏற்பாடு செய்யலாம், ஆனால் பெட்டியை மூடி ஒட்டித்தான் அனுப்புவார்கள் என்று சொன்னேன்.

“மூடின பெட்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? முகத்தைப் பார்க்க முடியாது. அவன் அங்கேயே இருக்கட்டும். வருஷா வருஷம் அங்கே வரத்தானே அவன் துடிப்பான்” என்றாள் பிலார்.

தூதரகத்திலிருந்து அனுமதி வர நாளாயிற்று. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில் பங்குச் சாமியார் இடம் கொடுத்தார். சார், ஜீப் டிரைவர், லாட்ஜ் மேனேஜர், டாக்டர் அருள்மொழி, நான். வேறு ஆள் இருக்காது என்று நினைத்தேன். பாண்டியம்மா வந்திருந்தாள். யார் சொல்லிவிட்டார்களோ, குஜிலியம்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

“ஏம்மா, நானும் அங்கனதான கெடக்கேன். பொழுதன்னைக்கும் அதே புல்லுலதான படுக்கேன். எனக்கு ஒண்ணும் வரலையே. அவருக்கு மட்டும் ஏம்மா வந்துச்சு?” என்று கேட்டாள். டாக்டர் நகர்ந்து, அவளைத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டுப் பெண்கள் மையவாடிக்குப் போகிற வழக்கம் இல்லை. என் அத்தாவை அடக்கிய இடத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. வேற்று மனிதர் ஒருவரின் கல்லறைக்குப் போய் நிற்கிறாயே என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பிலார் கூப்பிட்டாள். மகன் தலைமாட்டில் ஒரு ரொமேரோ நட முடியுமா என்று கேட்டாள். அது அவர்கள் ஊர்க் காட்டில் தானாக மண்டுகிற வாசனைச் செடி. இங்கே சமவெளியில் கிடையாது. கொடைக்கானல் நர்சரியில் ரோஸ்மேரி என்று விற்பார்கள். வத்தலக்குண்டு வழியாக மலையேறிப் போய், தொட்டியோடு மடியில் வைத்து வாங்கி வந்து நட்டேன். சார் மண் கொத்திவிட்டார். சாயந்தரம் அலுவலகம் விட்டுப் போகிற வழியில் தண்ணீர் ஊற்றினேன். சித்திரை வெயிலில் கருகிவிட்டது. மறுபடியும் ஒன்று வாங்கி வந்து, தென்னை ஓலையால் நிழல் கட்டி வைத்தேன். அதுவும் நிற்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. எல்லாக் கல்லறைகளுக்கும் சுண்ணாம்பு அடித்து, பூமாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். சொக்கலிங்கம் சார் அதற்குள் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். நான் மட்டும் ஃபெர்மின் மண்மேட்டின் பக்கத்தில் நின்றேன். சொல்லி வைத்தாற்போல் பிலாரின் போன் வந்தது. அவர்கள் நாட்டிலும் அன்றைக்கு அதே நாள்தான்.

“ரொமேரோ எப்படி இருக்கிறது?”

ஆமாம், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். கடல் தாண்டி வந்து யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் எனக்கு அது வரவில்லை. இத்தனை வருஷம் மேஜைமேல் செடியை வைத்துவிட்டுச் சொல்லை எழுதியவள் நான்.

“பட்டுப்போச்சு அம்மா. ரெண்டு தடவையும் பட்டுப்போச்சு. இந்த வெயில் அதுக்கு ஒத்துக்கல” என்று அவள் பாஷையில் சொன்னேன்.

“அப்படியானால் அவன்மேல் என்னதான் இருக்கிறது?” என்றாள். “வெறும் மண்ணா?”

நான் குனிந்து பார்த்தேன். மழைக்கு மேடு பூராவும் நெருஞ்சி படர்ந்திருந்தது. சின்னச் சின்ன மஞ்சள் பூ. சில இடத்தில் பச்சைக் காய் பிடித்திருந்தது. அதற்கு ஸ்பானிஷில் எனக்குப் பெயர் தெரியும், மூட்டை மூட்டையாக அனுப்பியிருக்கிறோம். ஆனால் பிள்ளையைப் புதைத்த இடத்தில் முள் மண்டியிருக்கிறது என்று ஒரு தாயிடம் சொல்ல நாக்கு எழவில்லை. பிலார் மறுபடியும் கேட்டாள்.

“அப்ரோஹோ” என்றேன்.

“அப்ரோஹோவா? அங்கேயுமா?” அவள் குரல் மாறிவிட்டது. “எங்கள் வாசல் முழுக்க அதுதான். ஆட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டு அழுதுகொண்டு வருவான். மடியில் காலைப் போட்டுக்கொண்டு ஊசியால் ஒவ்வொன்றாக எடுப்பேன். பூத்துவிட்டதா?”

“பூத்திருக்கு. காயும் பிடிச்சிருக்கு.”

“முள் காய்வதற்கு முன்னாலேயே பிடுங்கிப் போட்டுவிடு, மகளே. அவன் செருப்புப் போடாமல் நடக்கிறவன்.”

நடந்தவன் என்று அவள் சொல்லவில்லை. நடக்கிறவன் என்றாள். வாழ்நாள் முழுதும் மற்றவர்கள் சொல்லைச் சரிபார்த்தே பிழைத்தவள் நான். அதை மட்டும் சரிபார்க்கவில்லை. சரி அம்மா என்று சொல்லிப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து பிடுங்க ஆரம்பித்தேன். வேரோடு வருவது வந்தது, பாதி கையோடு அறுந்தது.

பிலார் சில வருஷம் அதே நாளில் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் பிடுங்கியாச்சா என்று கேட்பாள். ஒரு வருஷம் போன் வரவில்லை. நானே கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரிடம் விசாரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சார் கோயம்புத்தூரிலேயே காலமாகிவிட்டார்.

இப்போது எனக்கும் முழங்கால் மடக்க முடிவதில்லை. போன நவம்பரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். நல்ல மழை பெய்திருந்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்த குடும்பம் என்னைப் பார்த்து, இவர் உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டது. கூட வேலை பார்த்தவர் என்றேன். நெருஞ்சியைக் கை எட்டின மட்டும் பிடுங்கினேன். கால்மாட்டுப் பக்கம் குனிய முடியவில்லை. அங்கே அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.